இரண்டுக்கும் 4.7 வினாடி, அப்படியானால் எது வேகம்?

வாசகர் கேள்வி, 2024 அக்டோபர் 5

2005-இல் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்5, வி10 (வி வடிவில் பத்து சிலிண்டர்) எஞ்சின்: 507 பிஎஸ் (குதிரைத்திறன்), 520 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகு விசை). அதே காலத்து மெர்சிடிஸ் இ55 ஏஎம்ஜி, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜர் வைத்த வி8: 476 பிஎஸ், 700 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இரண்டுக்குமே 4.7 வினாடி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. டார்க் 180 அதிகம் இருந்தும் இ55 ஏன் முந்தவில்லை? பவர் 31 அதிகம் இருந்தும் எம்5 ஏன் முந்தவில்லை? இரண்டு நிறுவனங்களில் ஒன்று பொய் சொல்கிறது என்பது என் கருத்து.

அக்டோபர் 5, இரவு

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முந்துவது இ55.

இரண்டிலும் பயணித்திருக்கிறேன், இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருப்பவரிடம் இ55 இருக்கிறது. என்னோடு வேலை பார்ப்பவரிடம் எம்5. மியூனிக்கிலிருந்து வடக்கே நியூரம்பர்க் போகும் ஏ9 நெடுஞ்சாலையில் வேக வரம்பு முடிவதைச் சொல்லும் வெள்ளைப் பலகை வரும். அந்த இடத்தில் இ55-இன் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதுகு இருக்கைக்குள் புதைந்துவிடும். எம்5-இல் அதே இடத்தில் அதே அளவு அழுத்தினேன். ஒரு கணம் எதுவுமே நடக்கவில்லை. அதன் பிறகுதான் வண்டி விழித்துக்கொண்டது. 700-க்கும் 520-க்கும் உள்ள இடைவெளியை உடம்பே உணர்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 6, காலை

விவாதிக்க இருக்கிறது. நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். எஞ்சினின் டார்க் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர் அதைப் பெருக்குகிறது, பின்அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் இன்னொரு முறை பெருக்குகிறது. விளம்பரத் தாளில் போடும் எண், பெருக்குவதற்கு முந்தைய எண்.

எம்5-இன் முதல் கியர் விகிதம் 3.99, டிஃபரன்ஷியல் 3.62. இரண்டையும் பெருக்கினால் 14.44. இ55-இல் முதல் கியர் 3.59, டிஃபரன்ஷியல் 2.65, பெருக்கினால் 9.51. இப்போது எஞ்சின் டார்க்கை வைத்துப் பெருக்குங்கள். எம்5: 520 தடவை 14.44, சுமார் 7,500 நியூட்டன் மீட்டர். இ55: 700 தடவை 9.51, சுமார் 6,660.

சக்கரத்தில் எம்5-இன் டார்க்தான் பெரியது! நான் நேற்று அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு நேர் எதிர். 8,250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றக்கூடிய எஞ்சின் என்பதால் அதற்கு அவ்வளவு குட்டையான, அதாவது அதிகம் பெருக்கும், கியர்களைக் கொடுக்க முடிகிறது. இ55-இன் எஞ்சின் 6,100-இல் தன் உச்ச பவரைத் தொட்டு ஓய்ந்துவிடுவதால் அதற்கு நீளமான கியர்கள் தேவை. எஞ்சின் வேகமாகச் சுற்றுவதன் பலன் ஓசையில் மட்டும் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கியர் விகிதத்திலும் இருக்கிறது.

அக்டோபர் 6, மதியம்

டயர் அளவைச் சேர்க்க மறந்துவிட்டேன். எம்5-இன் பின்டயர் 285/35, 19 அங்குலம். அதன் ஆரம் சுமார் 34 சென்டிமீட்டர். இ55-இல் 265/35, 18 அங்குலம், ஆரம் 32. சிறிய சக்கரம் சாலையை அதிக விசையோடு தள்ளும். ஆகவே இடைவெளி குறைகிறது: எம்5 சுமார் 22,000 நியூட்டன், இ55 சுமார் 20,700. எம்5 முன்னிலை அப்படியே இருக்கிறது, ஆனால் காலையில் தெரிந்த அளவுக்கு இல்லை.

அக்டோபர் 8

ஒருவர் கேட்டது மிகச் சரியான கேள்வி: "டார்க் கன்வெர்ட்டரை விட்டுவிட்டீர்களே?"

ஆம், விட்டுவிட்டேன். இ55-இல் இருப்பது ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்; அதில் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கன்வெர்ட்டர்தான் எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த முதல் நொடிகளில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் எஞ்சின் டார்க்கை ஏறக்குறைய இரு மடங்கு வரை பெருக்கிக் கொடுக்கும். எம்5-இல் இருப்பது எஸ்எம்ஜி என்ற ஏழு கியர் பெட்டி. சாதாரண ஒற்றைக் கிளட்ச், அதை மிதிப்பதற்குக் காலுக்குப் பதிலாக ஹைட்ராலிக்ஸ். அதில் இந்தப் பெருக்கம் கிடையாது. ஆகவே புறப்படும் முதல் சில மீட்டர்களில் இ55-இன் விசை நான் போட்ட கணக்கைவிடப் பெரியது, எம்5-ஐவிடவும் பெரியது.

மறுபடி இ55 பக்கம் சாய்ந்துவிட்டதா? இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொன்று தோன்றியது. இரவு எழுதுகிறேன்.

அக்டோபர் 8, இரவு

இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஏன் ஒரே 4.7 என்பதற்கு விடை எஞ்சினுக்குள் இல்லை. டயருக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிறது.

இரண்டுமே பின்சக்கரங்களால் மட்டும் தள்ளப்படும் வண்டிகள். எம்5-இன் எடை 1,755 கிலோ, இ55-இன் எடை 1,835. ஓட்டுபவரையும் சேர்த்து இ55-ஐ 1,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை பின்சக்கரங்கள் மேல் இருக்கும். வண்டி பாயும்போது முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் அழுந்துவதால் இன்னும் இருநூறு கிலோ அளவுக்குப் பின்னால் வரும். மொத்தம் சுமார் 1,130 கிலோ. நல்ல டயரும் உலர்ந்த தாரும் இருந்தால், டயர் தன் மேல் அழுத்தும் எடைக்குச் சமமான விசையைச் சாலைக்குத் தர முடியும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் உச்சவரம்பு சுமார் 11,100 நியூட்டன்.

எஞ்சின் கொடுக்கத் தயாராக இருப்பது 20,000-க்கு மேல். டயர் வாங்கிக்கொள்ளக் கூடியது 11,100. மீதி முழுவதும் புகையாகப் போக வேண்டும், அல்லது மின்னணுக் கட்டுப்பாடு அதை அடக்க வேண்டும்.

11,100-ஐ 1,900-ஆல் வகுத்தால் முடுக்கம் வினாடிக்கு வினாடி 5.8 மீட்டர். இப்போது நிறுவனங்கள் தந்த எண்ணைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர், அதை 4.7-ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் 5.9. இரண்டு எண்களும் இவ்வளவு அருகில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மேசையைத் தட்ட வேண்டும் போலிருந்தது.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்: 4.7 என்பது எம்5-இன் எண்ணும் அல்ல, இ55-இன் எண்ணும் அல்ல. 2005-இல் இரண்டு சக்கரங்களால் மட்டும் தள்ளப்பட்ட, இரண்டு டன்னை நெருங்கும் எந்தச் செடானும் ஏறக்குறைய முட்டி நின்ற சுவர் அது. பவரை இன்னும் ஏற்றியிருந்தாலும் அங்கே பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

அக்டோபர் 9

இல்லை, "எதுவும் மாறியிருக்காது" என்பது மிகை. டயர் திணறுவது தொடக்கத்தில்தான். நூறை நெருங்கும்போது எஞ்சின்தான் எல்லை. 2006-இல் இ55-ஐ அகற்றிவிட்டு வந்த இ63, சூப்பர்சார்ஜர் இல்லாத 6.2 லிட்டர் எஞ்சினோடு 514 பிஎஸ் தந்தது. அதற்கு நிறுவனம் சொன்னது 4.5 வினாடி. வினாடியில் பத்தில் இரண்டு பங்கு குறைந்தது. அவ்வளவுதான் குறைந்தது என்பதும் உண்மை.

அக்டோபர் 13

வேறொருவர் அமெரிக்க இதழ்களில் எம்5-க்கு இதைவிடக் குறைந்த எண்களைப் பார்த்ததாகவும், அங்கே விற்ற வண்டி வேறு எஞ்சினோ என்றும் கேட்கிறார். எஞ்சின் ஒன்றுதான். அளக்கும் முறை வேறு.

அவர்கள் அளப்பது மணிக்கு 60 மைல் வரை, அது 96.6 கிலோமீட்டர், நூறு அல்ல. அதோடு பல அமெரிக்க இதழ்கள் இழுவைப் பந்தயத் தடத்தின் பழக்கப்படி, வண்டி முதல் ஒரு அடியை, அதாவது 30 சென்டிமீட்டரை, நகர்ந்து கடந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குகின்றன. முப்பது சென்டிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று தோன்றும். ஆனால் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது அதுதான் மிக மெதுவான முப்பது சென்டிமீட்டர். நாம் மேலே பார்த்த முடுக்கத்தில் அதைக் கடக்க ஒரு வினாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் எண் அழகாகத்தான் வரும். ஜெர்மனியில் நகரும் கணத்திலிருந்தே அளக்கிறார்கள். ஆகவே இரண்டு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்டிகளை ஒப்பிடாதீர்கள். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே விற்ற எம்5-இல் ஒரே ஒரு பெரிய வேறுபாடு உண்டு: வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால் கிளட்ச் மிதியோடு கூடிய ஆறு கியர் பெட்டியும் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் அது கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

அக்டோபர் 19

அப்படியானால் ஏ9-இல் என் முதுகு உணர்ந்தது என்ன? இதுதான் இரண்டு வாரமாக என்னை அரிக்கும் கேள்வி. நூறுக்கு மேல் டயர் தடையில்லை; எஞ்சினுக்கும் எஞ்சினுக்கும் நேரடிப் போட்டி. கணக்குப்படி எம்5-தான் முன்னால் போக வேண்டும். ஆனால் அன்று அது பின்தங்கியது போலத்தான் இருந்தது.

120-இல் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். எம்5 மூன்றாவது கியரில் இருந்தால் எஞ்சின் சுமார் 6,100 ஆர்பிஎம்மில் சுற்றும். 520 நியூட்டன் மீட்டர் கிடைக்கும் இடம் சரியாக அதுதான். சக்கரத்தில் சுமார் 10,000 நியூட்டன் விசை. இ55 மூன்றாவது கியரில் 3,700 ஆர்பிஎம்; அதன் 700 நியூட்டன் மீட்டர் 2,650-இலிருந்து 4,500 வரை பலகை போலத் தட்டையாக நீள்வதால் அங்கேயும் முழு டார்க். சக்கரத்தில் சுமார் 8,150. ஆக எம்5-க்குத் தெளிவான முன்னிலை.

ஆனால் யார் 120-இல் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருப்பார்கள்? எம்5 ஏழாவது கியரில் 2,800 ஆர்பிஎம்மில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த எஞ்சின் 3,500 ஆர்பிஎம்மிலேயே 450 நியூட்டன் மீட்டர் தருவதாக நிறுவனம் பெருமையோடு சொன்னது. அது உண்மைதான், ஆனால் ஏழாவது கியர் அதைப் பெருக்குவதில்லை. ஏழிலிருந்து மூன்றுக்கு வர ஸ்டியரிங்கின் இடது துடுப்பை நான்கு முறை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கிளட்ச் பிரியும், எஞ்சின் ஓர் உறுமலோடு ஆர்பிஎம்மை உயர்த்தும், கிளட்ச் சேரும். இ55-இல் காலை அழுத்தினால் போதும். கியர்பெட்டி கீழே இறங்குவதற்கு முன்பே, இறங்கும்போதும், இறங்கிய பிறகும் தள்ளு நிற்பதில்லை.

அந்த "ஒரு கணம் எதுவுமே நடக்கவில்லை" என்பது டார்க் குறைவு அல்ல. தவறான கியர்.

அக்டோபர் 19, இன்னும் கொஞ்சம்

அது மட்டும் அல்ல. எம்5-இன் சொந்தக்காரரிடம் இன்று தொலைபேசியில் கேட்டேன்: அன்று நான் ஓட்டும்போது அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்ததா?

அழுத்தப்படவில்லை.

இந்த வண்டியை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எம்5-ஐச் சாவி போட்டு எழுப்பும்போது அது 507 பிஎஸ்ஸோடு எழுவதில்லை. 400 பிஎஸ்ஸோடு எழுகிறது. கியர் நெம்புகோலுக்கு அருகே உள்ள பவர் பொத்தானை அழுத்தினால், அல்லது முன்பே நினைவில் ஏற்றிவைத்து ஸ்டியரிங்கில் உள்ள எம் பொத்தானை அழுத்தினால்தான் மீதி 107 திறக்கும். ஒவ்வொரு முறை எஞ்சினை அணைத்துப் போடும்போதும் மறுபடி 400.

ஆக நான் 476 பிஎஸ் வண்டியையும் 400 பிஎஸ் வண்டியையும் ஒப்பிட்டு, பிந்தையது ஆட்டோமேட்டிக் முறையில் ஏழாவது கியரில் தூங்கிக்கொண்டிருந்தபோது தீர்ப்பும் எழுதிவிட்டேன். எம்5-க்கு நான் செய்தது அநீதி. அந்த முதல் குறிப்பை அழிக்க மாட்டேன். மேலே அப்படியே இருக்கட்டும். பலர் அந்த வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இதே தீர்ப்பைத்தான் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 20

"அப்படிப் பொத்தான் தேடித்தான் வேகமாகப் போக வேண்டும் என்றால் அந்த வேகம் எனக்கு எதற்கு?" என்று எழுதியிருக்கும் அன்பருக்கு: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் என்னிடம் முழுதாக இல்லை. அடுத்த வாரம் இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் இருக்கப் போகின்றன.

அக்டோபர் 27

பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விமான ஓடுதளம். ஒரு சிறிய குழு அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தது. பொதுச்சாலையில் இதைச் செய்து பார்க்க யாரும் நினைக்க வேண்டாம். 2017 முதல் ஜெர்மனியில் சாலைப் பந்தயம் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம், துணைக்கு எதிர்வண்டி இல்லாமல் ஒருவர் தனியாக உச்ச வேகத்தைத் துரத்தி முரட்டுத்தனமாக ஓட்டுவதும் அதில் அடங்கும்.

காலையில் குளிர். அந்தக் குளிரை இ55 விரும்பியது. முதல் ஓட்டம், கண் முன்னால் இன்னும் நிற்கிறது: பிரேக்கை மிதித்தபடி ஆர்பிஎம்மை ஏற்றி, பிரேக்கை விட்டதும் பின்பக்கம் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து போய்விட்டது. சூப்பர்சார்ஜரின் அந்தச் சீழ்க்கை ஓசைக்கு அடியில் வி8-இன் உறுமல். இரண்டாவது ஓட்டமும் அப்படியே. மூன்றாவதில் சற்றுத் தளர்ச்சி. நான்காவதில் ஓட்டுபவருக்கே தெரிந்தது. கடிகாரம் பார்க்கத் தேவையே இல்லை.

காரணம் வெப்பம். எஞ்சினின் வி வடிவத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தத் திருகு வகை அமுக்கி காற்றை 0.8 பார் வரை அழுத்துகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்ப் சுடுவது தெரியும். சூடான காற்றை இன்டர்கூலரில் ஓடும் தண்ணீர் குளிரவைக்க வேண்டும். அடுத்தடுத்து ஓடினால் அந்தத் தண்ணீரே சூடேறிவிடுகிறது. சூடான காற்றில் எரிபொருள் வேளைக்கு முன்பே வெடித்துவிடக் கூடாது என்பதற்காக எஞ்சின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. பவர் இறங்குகிறது. மூடியைத் திறந்துவைத்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்த பிறகு மறுபடி பழைய வண்டி.

எம்5-க்கு இந்தத் தொல்லை இல்லை. பத்து சிலிண்டருக்கும் தனித்தனித் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு); வெளிக்காற்று நேராக உள்ளே போகிறது. முதல் ஓட்டமும் கடைசி ஓட்டமும் ஒன்றுதான். அதன் தொல்லை வேறு: புறப்பாடு. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டும், எஸ்எம்ஜியின் மிக முரட்டு நிலைக்குப் போக வேண்டும், நெம்புகோலை முன்னால் தள்ளிப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்த வேண்டும், பிறகு நெம்புகோலை விட வேண்டும். அது சரியாக அமைந்தால் அழகு. அமையாதபோது பின்டயர்கள் புகைந்து நேரம் போனது. ஒவ்வொரு முறையும் கிளட்ச்சின் கருகல் வாசம். நான்காவது முறைக்குப் பிறகு சொந்தக்காரர் போதும் என்றார். கிளட்ச் மாற்றுவது அவர் கைக்காசு, நான் வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 27, இரவு

முக்கியமானதை எழுதாமல் தூங்கப் போய்விட்டேன்.

எம்5-இல் பொத்தான் அழுத்தி, மூன்றாவது கியரில் வைத்து, 120-இலிருந்து ஓட்டினேன். 8,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது எழுந்த ஓசையில் எனக்குப் புல்லரித்தது. அந்தக் காலத்தில் ஃபார்முலா 1 பந்தயத்தில் பிஎம்டபிள்யூ ஓட்டியதும் பத்து சிலிண்டர் எஞ்சின்தான். குடும்பத்தோடு போகும் நான்கு கதவு வண்டியில் அந்த அமைப்பை வைக்கத் துணிந்தவர்களை நினைத்தால் மரியாதைதான் வருகிறது. அந்த விசை திடீரென்று வருவதில்லை. ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் ஏறும் என்று நம்பவைக்கிறது, ஏறவும் செய்கிறது.

கியர் மாறும்போது ஒரு குத்து. 65 மில்லிவினாடியில் மாற்றும் என்று நிறுவனம் சொன்ன பெட்டி அது. ஒற்றைக் கிளட்ச் என்பதால் அந்த நேரத்தில் தள்ளு அறுந்து மறுபடி ஒட்டுகிறது. தலை ஒரு முறை ஆடுகிறது. இ55-இல் அது இல்லவே இல்லை. நின்ற நிலையிலிருந்து 200-ஐத் தொட எம்5 மூன்று முறை கியர் மாற்ற வேண்டும். இ55-இன் மூன்றாவது கியரே கணக்குப்படி அங்கே வரை நீள்வதால் அதற்கு இரண்டு போதும்.

அக்டோபர் 30

பெட்ரோல் பற்றிக் கேட்டவருக்கு: எம்5-க்கு நூறு கிலோமீட்டருக்கு 14.8 லிட்டர் என்பது நிறுவனத்தின் எண். தொட்டி 70 லிட்டர். நெடுஞ்சாலையில் மனம் போல ஓட்டினால் அடுத்த பெட்ரோல் நிலையத்தின் பலகையைத் தேடிக்கொண்டே போக வேண்டும். முடுக்கத்தைப் பற்றிய இழையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நின்று நின்று போகும் வண்டியை நிற்காமல் ஓடும் வண்டி கடைசியில் முந்திவிடும்.

நவம்பர் 3

பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. இந்தப் போட்டி 2005-இல் தொடங்கவில்லை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளைப் பாருங்கள். அன்றைய எம்5: ஆறு சிலிண்டர், 315 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர், 6,900 ஆர்பிஎம்மில் உச்ச பவர், கையால் மாற்றும் கியர். அன்றைய மெர்சிடிஸ் 500இ, போர்ஷே தொழிற்சாலையின் கைவண்ணத்தோடு வந்தது: ஐந்து லிட்டர் வி8, 326 பிஎஸ், 480 நியூட்டன் மீட்டர், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஒன்று சுற்றலை நம்புகிறது, இன்னொன்று டார்க்கை நம்புகிறது. இரண்டும் ஆறு வினாடியை ஒட்டியே நூறைத் தொடுகின்றன.

பிறகு 2017. டர்போ எஞ்சினோடும் நான்கு சக்கர இழுவையோடும் வந்த எம்5: 600 பிஎஸ், 750 நியூட்டன் மீட்டர். மெர்சிடிஸின் ஏஎம்ஜி இ63 எஸ், அதுவும் நான்கு சக்கர இழுவை: 612 பிஎஸ், 850 நியூட்டன் மீட்டர். இரண்டுக்கும் நிறுவனங்கள் சொன்னது 3.4 வினாடி.

மறுபடி ஒரே எண்! இப்போது ஏன் என்று நமக்குத் தெரியும். நான்கு டயரும் தள்ளத் தொடங்கியதும் சுவர் பின்னால் நகர்ந்தது, 4.7 இருந்த இடத்தில் 3.4 வந்து நின்றது. இரண்டு வண்டியும் புதிய சுவருக்கு அருகே ஒன்றாக வந்து சேர்ந்தன. இந்த முறை கியர்பெட்டிகள் இடம் மாறிக்கொண்டன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எம்5 டார்க் கன்வெர்ட்டருக்கு மாறிவிட்டது, எட்டு கியர். ஏஎம்ஜி கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சை வைத்தது, ஒன்பது கியர்.

நவம்பர் 4

எம்5 டர்போவுக்கு (வெளியேறும் புகையால் சுழன்று காற்றை அழுத்தும் அமுக்கிக்கு) மாறியது 2017-இல் என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். அல்ல, 2011-இலேயே மாறிவிட்டது: 560 பிஎஸ், 680 நியூட்டன் மீட்டர், இரட்டைக் கிளட்ச் பெட்டி, பின்சக்கர இழுவை, 4.4 வினாடி. 2005 மாடலைவிட டார்க் 160 அதிகம், ஆனால் நேரம் குறைந்தது வினாடியில் பத்தில் மூன்று பங்குதான். என் டயர் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நவம்பர் 16

இந்த மாதம் சந்தைக்கு வரும் புதிய எம்5 பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். மின்மோட்டாரும் வி8-உம் சேர்ந்து 727 பிஎஸ், 1,000 நியூட்டன் மீட்டர். நூறைத் தொட 3.5 வினாடி. 2017 மாடலைவிட 127 பிஎஸ் கூடுதல், நேரமும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூடுதல். எடை 2,435 கிலோ. 2017 மாடலின் எடை 1,855. இடையில் 580 கிலோ. பெரியவர்கள் ஏழு எட்டுப் பேரை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவது போல. மின்கலத்தின் பயன் எனக்குப் புரிகிறது, மாசு விதிகளும் புரிகின்றன. ஆனாலும் அந்த எடையைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கியது. 1,755 கிலோ என்று நான் மேலே எழுதிய எண்ணை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 17

கேள்வி கேட்டவர் நேரடியாகக் கேட்டுவிட்டார்: "சுற்றி வளைக்காதீர்கள். எது வேகம்?"

நின்ற இடத்திலிருந்து நூறு வரை: இரண்டும் ஒன்று, யாருடைய கை அன்று நன்றாக இருக்கிறதோ அவர். நூறுக்கு மேல், சரியான கியரில், பொத்தான் அழுத்தியிருந்தால்: எம்5. அதில் எனக்கு இனி ஐயம் இல்லை. அடுத்தடுத்துப் பல முறை ஓடினாலும் எம்5. எதையும் தயார் செய்யாமல், பேசிக்கொண்டே போகும்போது காலை அழுத்தினால்: இ55, சந்தேகமே இல்லாமல் இ55. நாள் முழுக்க நாம் ஓட்டுவது அந்தக் கடைசி வகையில்தான். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று என்னிடம் சாவிகளை நீட்டினால் நான் இ55-ஐ எடுப்பேன். சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதற்காக வருந்தவும் செய்வேன்.

டிசம்பர் 1

கேள்வி கேட்டவர் ஓர் இ55-ஐப் பார்க்கப் போகிறாராம், இந்தச் சனிக்கிழமை. மகிழ்ச்சி. ஒன்றே ஒன்று சொல்கிறேன். இன்டர்கூலர் தண்ணீரைச் சுற்றவிடும் சிறிய மின்பம்ப் ஒன்று அதில் இருக்கிறது. வயதான வண்டிகளில் அது களைத்துப்போயிருக்கும், அல்லது நின்றே போயிருக்கும். விற்பவர் வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஒரு முறை பாயவைத்துக் காட்டிவிட்டால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஒரு முறையோடு விடாதீர்கள். அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, எஞ்சின் முழுதாகச் சூடேறிய பிறகு மூன்றாவது முறை, நான்காவது முறை அழுத்திப் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள்.